தலைவிதியா, பிள்ளைப் பிராயத்துக் காயமா?



நமது நாஞ்சில் நாட்டில் ஒரு பையன் மாமரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் அவனை யாரும் மந்திரவாதியிடம் கொண்டுபோவதில்லை. நேரே வர்ம ஆசானிடமோ, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோகிறார்கள். அப்படிக் கொண்டுபோகாமல் விட்டு, எலும்பு கோணலாய்ச் சேர்ந்துகொண்டால், ஐம்பது வயதிலும் மழைக்காலம் வந்ததும் அந்தக் கை குடைகிறது. அப்போதும், "சின்னதிலே விழுந்தது, சரியாய்க் கட்டாமல் விட்டுவிட்டார்கள்" என்று காரணம் சொல்லுகிறோமே ஒழிய, முன்ஜென்மப் பாவம் என்று சொல்லுவதில்லை.

ஆனால் அதே பையனுக்குச் சிறு வயதில் மனம் ஒடிந்து, கவனிப்பாரில்லாமல் கோணலாய்ச் சேர்ந்து, முப்பது வயதில் அது குடைய ஆரம்பித்தால் மாத்திரம் நமது புத்தி எங்கே போய்விடுகிறதென்பது தெரியவில்லை. அப்போது தலைவிதி என்கிறோம், சனி என்கிறோம், செய்வினை என்கிறோம், பெண்பிள்ளையானால் யட்சி பிடித்திருக்கிறது என்கிறோம். இவற்றில் ஒன்றும் பொருந்தாவிட்டால், "அவன் குணமே அப்படி" என்று தள்ளிவிடுகிறோம். கைக்கு ஒரு நியாயம், மனதுக்கு ஒரு நியாயமா என்பதுதான் நாம் இன்று கேட்க வந்த கேள்வி.

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் நமது கடற்கரையில் நடந்ததை மறந்தவர் இங்கு இருக்க முடியாது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி, கீழமணக்குடி முதலிய ஊர்களில் கடல் ஏறி வந்தது. நமது ஜில்லாவில் மாத்திரம் சுமார் 800 பேர் மாண்டார்கள். மணக்குடிப் பாலத்தையே அலை பெயர்த்துத் தள்ளிவிட்டதென்றால், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஒரு பிள்ளையின் பிடி எம்மாத்திரம்?

அன்றைக்கு எட்டு வயதாயிருந்த பிள்ளை இன்று முப்பதை ஒட்டியிருக்கிறது. கலியாணமாகிக் குழந்தையும் பெற்றிருக்கக்கூடும். வெளிப்பார்வைக்கு யாதொரு குறையுமில்லை. ஆனால் இராத்திரியில் காற்று பலமாய் வீசினால் எழுந்து உட்கார்ந்துகொள்ளுகிறான். பாத்திரம் கீழே விழுந்தால் உடம்பு பதறுகிறது. தன் குழந்தை பத்து நிமிஷம் கண்ணில் படாவிட்டால் வீட்டையே இரண்டாக்குகிறான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கேள்வி அதிகமானால் சாராயக்கடைக்குப் போய்விடுகிறான். இவன் ஒரு ஊர்க்காரனல்ல; கடற்கரை நெடுகத் தேடினால் இப்படிப்பட்டவர்கள் பலரைக் காணலாம். 2017-ம் வருஷம் நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு இன்னொரு கூட்டம் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கங்களில் தகப்பன் திரும்பி வரவுமில்லை, பிரேதம் கிடைக்கவுமில்லை. அழுவதா, காத்திருப்பதா என்று தெரியாமலே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

இதில் மாய மந்திரம் ஒன்றுமில்லை. ஆபத்து வந்தால் உடம்பை ஓடவோ, எதிர்க்கவோ, அசையாமல் நிற்கவோ தயார் செய்வதற்கென்று மூளையில் வாதுமைப்பருப்பு அளவுள்ள ஒரு பாகம் இருக்கிறது. அது மணி அடித்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு இரைக்கும், சில இரசங்கள் இரத்தத்தில் கலக்கும். ஆபத்து போனதும் மணி நிற்க வேண்டும். ஆனால் தாங்க முடியாத பயம் ஒரே அடியாய் விழுந்தாலும், சின்னப் பயம் தினந்தோறும் விழுந்துகொண்டே இருந்தாலும், அந்த மணி நிற்பதற்குத் தெரியாததாகிவிடுகிறது. வளருகிற மூளையில் இது நேர்ந்தால் அதுவே பழக்கமாகிவிடுகிறது. இருபது வருஷங்கள் கழித்துக் காற்றடித்தாலும் அலை வந்துவிட்டது என்றே உடம்பு எண்ணுகிறது. அறிவு "இது காற்று" என்று சொல்லுவதற்குள் உடம்பு ஓடத் தொடங்கிவிடுகிறது. இதைப் பேய் என்று சொல்லுவது, மணி கெட்டுப்போனதற்குக் கோபுரத்தில் முனி இருக்கிறது என்று சொல்லுவது போன்றதேயாகும்.

நிற்க, கடல் செய்த காயத்துக்கு உலகமே சாட்சி இருந்தது. அரிசி வந்தது, துணி வந்தது, வீடு வந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஸ்தாபனத்தார் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஜனங்களின் மனதையும் கவனிக்க ஏற்பாடு செய்தார்கள். அது போதுமானதாயிருந்ததா என்பது வேறு விஷயம். கவனிக்க வேண்டும் என்ற எண்ணமாவது இருந்தது.

ஆனால் வீடு செய்கின்ற காயத்துக்கு யார் சாட்சி? குடித்துவிட்டு வந்து தாயை உதைக்கும் தகப்பனைக் கதவிடுக்கில் நின்று பார்க்கும் பிள்ளைக்கு யார் அரிசி கொண்டுவந்தார்கள்? பிரம்பை எண்ணெயில் ஊறவைத்து அடிக்கும் வாத்தியாரிடம் படித்த பிள்ளைக்கு யார் தொண்டரை அனுப்பினார்கள்? மாமன் முறைக்காரனோ, பக்கத்து வீட்டுப் பெரியவரோ, மதிப்புள்ள இன்னொருவரோ தொடக் கூடாத இடத்தில் தொட்டதைத் தாயிடம் வந்து சொன்ன பெண்பிள்ளைக்கு என்ன பதில் கிடைத்தது? "மக்கா, யாருட்டயும் சொல்லிராத, குடும்ப மானம் போயிரும்" என்பதுதானே!

1926-க்கு முன் நாஞ்சில் நாட்டு வேளாளரில் பெற்ற பிள்ளை நிற்க, தகப்பன் சொத்தில் பெரும்பாகம் மருமகனுக்குப் போய்க்கொண்டிருந்தது. முன்னோர் வழக்கம், அதை மாற்றக்கூடாது என்றுதான் அப்போதும் சொன்னார்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அதை எழுதிச் சிரிக்க வைத்தார், சர்க்கார் சட்டம் போட்டது, வழக்கம் போயிற்று. வானம் இடிந்து விழவில்லை. சொத்தில் பிள்ளைக்குப் பங்கு கொடுக்க முன்னோர் வழக்கத்தை மாற்றினவர்கள், பிள்ளையின் முதுகுக்காகவும் மானத்துக்காகவும் ஒரு வழக்கத்தை மாற்றக் கூடாதா?

நாம் மிகைப்படுத்துகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2007-ல் இந்திய சர்க்காரே ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டது. 13 மாகாணங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டதில், பாதிப்பேருக்கு மேல், அதாவது நூற்றுக்கு 53 பேர், ஏதோ ஒரு விதமான பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். மூன்றில் இரண்டு பேர் அடியும் உதையும் பட்டதாகச் சொன்னார்கள். தொந்தரவு செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். அனேக குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவேயில்லை. எங்கோ இருட்டில் நிற்கும் பூச்சாண்டியைக் காட்டிக் குழந்தைகளைப் பயமுறுத்துகிறோம். உண்மையான பூச்சாண்டி நடுவீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

இந்தக் காயங்கள் பெரியவர்களானதும் என்ன செய்கின்றன? அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்தில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரண்டு டாக்டர்கள் 17,000-க்கு மேற்பட்ட பெரியவர்களிடம் பிள்ளைப் பிராயத்தைப்பற்றி விசாரித்து, 1998-ல் முதல் முடிவை வெளியிட்டார்கள். அடி, வசவு, பாலியல் தொந்தரவு, வீட்டில் குடிகாரர், தாய் உதைபடுதல் என்று வகை வகையாய்ப் பிரித்துக் கேட்டார்கள். நாலு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, ஒன்றுமே அனுபவிக்காதவர்களைவிட, குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை 4 முதல் 12 மடங்கு வரை அதிகமாய் இருந்தன. இருதய நோய் முதலிய சரீர வியாதிகளும் கூடுதலாய்க் காணப்பட்டன. அவர்கள் சோற்றுக்கில்லாதவர்களல்ல, பெரும்பாலும் படித்து, உத்தியோகம் பார்த்து, வைத்தியச் செலவுக்கு ஏற்பாடு உள்ளவர்கள். ஆகவே, "இதெல்லாம் ஏழை வீட்டுச் சங்கதி" என்று எவரும் தட்டிக்கழிக்க முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு ஒரு கூட்டத்தின் கணக்கே தவிர, தனி ஆளின் ஜாதகமல்ல. கஷ்டப்பட்ட பிள்ளைகளெல்லாம் கெட்டுப்போவார்கள் என்று யாராவது சொன்னால் அவனும் ஒரு புதுவகை ஜோசியனேயாவான். எவ்வளவோ பட்டும் நன்றாய் நிமிர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களின் பிள்ளைப் பிராயத்தைப் பார்த்தால், சொன்னதை நம்பிக் கேட்ட ஒரு பாட்டியோ, ஒரு வாத்தியாரோ, ஒரு பெரியம்மாவோ அடிக்கடி இருக்கக் காண்கிறோம். தலையெழுத்தை அழிக்க ஒரு நல்ல மனிதர் போதும் என்றால், அது எழுத்தா?

இனி மந்திரவாதியின் கதைக்கு வருவோம். கலியாணமான ஒரு பெண், புருஷன் கிட்டே வந்ததும் கைகால் விறைத்து விழுகிறாள் என்று வைத்துக்கொள்ளுவோம். பத்து வயதில் அவளுக்கு நடந்தது அவளுக்கும், செய்தவனுக்கும், வாயை மூடச்சொன்ன தாய்க்கும் மாத்திரம் தெரியும். ஊர் சொல்லுகிறது, யட்சி என்று. மந்திரவாதி வருகிறான். வேப்பங்குழையால் அடிக்கிறான், மயிரைப் பிடித்து இழுக்கிறான், மிளகாய் வற்றலைப் புகைக்கிறான். பேயை அடிப்பதாகச் சொல்லி அடிக்கப்படுவது யாருடைய முதுகு? முன்பு ஒருவன் அவள் சம்மதமில்லாமல் தொட்டான். இப்போது ஊர் பார்க்க இன்னொருவன் தொடுகிறான். முதல் காயத்தின்மேல் இரண்டாவது காயம்; அதற்குத் தட்சணை வேறு! பேய்க்கு உண்மையிலேயே பலமும் நியாயமும் இருக்குமானால் அது அந்த மாமனையல்லவா பிடித்திருக்க வேண்டும்? அநியாயம் செய்தவனை விட்டுவிட்டு அநியாயம் அடைந்தவளைப் பிடிக்கிற பேயைவிட அயோக்கியப் பேய் வேறுண்டா?

இதில் மதபேதமில்லை. கோவில் நடையில் ஆடவிடுவதும், ஜெபக்கூட்டத்தில் சாத்தானை விரட்டுவதும், தர்காவில் ஓதிக் கட்டுவதும் ஒரே காரியமே. 2001-ம் வருஷம் ஆகஸ்ட் 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் என்ன நடந்தது? தர்காவுக்கென்று வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியால் ஓட முடியாமல் 28 பேர் வெந்து மடிந்தார்கள். அந்தச் சங்கிலியை அவிழ்க்க எந்தத் தெய்வமும் வரவில்லை. பிறகு மனிதர்கள் போட்ட சட்டந்தான் வந்தது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே முதல் அமுலில் இருப்பது, மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடுக்கிறது. சர்க்கார் செலவில் மனச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருடைய உரிமை என்றும் சொல்லுகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாய் நடத்தாமல், கடும் மனவேதனையில் இருந்தவராய்க் கருதிக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லுகிறது.

சரி, மந்திரவாதி வேண்டாமென்றால் டாக்டர் என்ன செய்வார்? நமது கரைக்குப் பக்கத்திலேயே ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. அதே 2004 அலை ஈழத்தின் வடகிழக்கிலும் அடித்தது. அங்கே தமிழ்ப் பிள்ளைகள் ஏற்கெனவே யுத்தத்தில் அடிபட்டவர்கள். அலை அடித்த சில வாரங்களில், பயத்தால் மிகவும் பாதிக்கப்பட்ட 31 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே சிகிச்சை செய்தார்கள். ஒரு பிரிவு தங்கள் வாழ்க்கையில் நடந்ததைப் பிறந்தது முதல் வரிசையாய்ச் சொல்லி வந்தது. மற்றப் பிரிவு மூச்சைச் சீர்செய்து உடம்பைத் தளர்த்தும் பயிற்சி செய்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஆறே அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முதல் பிரிவில் நூற்றுக்கு 81 பேரும், இரண்டாவதில் 71 பேரும் அந்த நோயின் பிடியிலிருந்து விடுபட்டிருந்தார்கள். 2009-ல் இந்த முடிவு வெளிவந்தது. 31 பேர் என்பது சின்னக் கணக்குத்தான்; சிகிச்சையில்லாமலே தேறியிருக்கக்கூடியவர்களும் அதில் இருக்கலாம். ஆனாலும் நம்மைப் போன்ற ஜனங்களிடத்தில், நமது பாஷையில், நம்மில் ஒருவரைக்கொண்டே இதைச் செய்ய முடியும் என்பது பிரத்தியட்சமாயிற்று.

பெரியவர்களுக்கும் வழி ஏறக்குறைய இதுதான். முதலில் தூக்கம், மூச்சு, பத்திரமான இடம் இவற்றைச் சரிசெய்வார்கள். பிறகு நடந்ததைக் கொஞ்சங் கொஞ்சமாய், தாங்குகிற அளவுக்கு, முன்பின் வரிசையோடு சொல்லவைப்பார்கள். துண்டு துண்டாய்க் கிடந்த பயம் ஒரு கதையாய்ச் சேர்ந்ததும், "அது அன்று நடந்தது, இன்று நடக்கவில்லை" என்று உடம்பு கற்றுக்கொள்ளுகிறது. "என்மேல்தான் குற்றம்" என்று பிள்ளை வயதில் நம்பியதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். கடைசியில், எதைக் கண்டு ஒதுங்கினானோ அதனருகில் கைப்பிடித்து அழைத்துப்போவார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவன் ஒரு நாள் கரையில் நின்று அலையைப் பார்க்கிறான். இப்படிப்பட்ட சிகிச்சையையே உலக சுகாதார ஸ்தாபனமும் 2013-ல் சிபாரிசு செய்தது. "எல்லாம் மறந்துவிடு" என்று உபதேசிப்பது சிகிச்சையல்ல. வெறும் தூக்க மாத்திரையைக் கொடுத்து அனுப்புவதும் சிகிச்சையல்ல. சொல்ல விரும்பாதவனை வற்புறுத்திச் சொல்லவைப்பது சிகிச்சையல்லவென்பது மாத்திரமல்ல, தீங்குங்கூட.

இதற்குச் சில ஆட்சேபங்கள் வரும். "எங்களையும் அடித்துத்தான் வளர்த்தார்கள், நாங்கள் நன்றாயில்லையா?" என்பார்கள். நன்றாயிருக்கிறீர்களா என்பதை உங்கள் மனைவி மக்களையல்லவா கேட்க வேண்டும்? முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்ற பழமொழியைக் காட்டுவார்கள். முருங்கைக்கு நினைவு உண்டா? முருங்கை வளர்ந்து தன் கன்றை அடிக்கிறதா? 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்தில் அடிப்பதையும் மனதை நோகச்செய்வதையும் தடுத்துவிட்டது. வீட்டில் தடுக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

"கூலிக்காரனுக்கும் வள்ளக்காரனுக்கும் மனவைத்தியம் ஒரு கேடா?" என்று இன்னும் சிலர் கேட்பார்கள். பணக்காரன் மகன் தூங்காவிட்டால் பட்டணத்து டாக்டரிடம் இரகசியமாய்ப் போகிறான். ஏழை மகன் தூங்காவிட்டால் சாராயக்கடைக்குப் போகிறான். தகட்டுக்கும் தாயத்துக்கும் கடன் வாங்குகிறான். அந்தக் கடனுக்காக மறுபடியும் குடிக்கிறான். யாருக்கு இந்த வைத்தியம் அதிகம் தேவை?

"இது மேல்நாட்டுச் சரக்கு" என்பார்கள். மந்திரவாதியின் சட்டைப்பையில் இருக்கும் டெலிபோன் எந்த நாட்டுச் சரக்கு?

ஆகையால், நாஞ்சில் நாட்டுத் தோழர்களுக்கும் தாய்மார்களுக்கும் நாம் சொல்லிக்கொள்ளுவது இதுதான். பிள்ளை ஒன்றைச் சொன்னால் முதலில் நம்புங்கள். மானக்கேடு செய்தவனுக்கே தவிர, சொன்ன பிள்ளைக்கு அல்ல. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின்படி போலீசார் சீருடையில்லாமல் பிள்ளை இருக்கிற இடத்துக்கே வந்து கேட்க வேண்டும். பிள்ளையின் பெயர் வெளியே போகக் கூடாது. குழந்தைகளுக்கு உதவி வேண்டுமானால் 1098 என்ற எண் இருக்கிறது. பெரியவர்கள் மனவேதனையைச் சொல்லுவதற்கு, 2022 முதல் சர்க்கார் நடத்துகிற 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. ஜில்லா மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்தக் கிழமையில் எந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்பதைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கேட்டுத் தெரிந்து, வாசகசாலைச் சுவரில் எழுதிப்போடுங்கள். வருவதில்லை என்றால், ஏன் வருவதில்லை என்று பஞ்சாயத்தில் எழுந்து கேளுங்கள். ஒரு கொடைக்குப் பிரிக்கும் பணத்தில் பத்திலொன்று இருந்தாலும், தூர ஊர்களிலிருந்து எத்தனையோ பேரை அந்த டாக்டரிடம் பஸ் ஏற்றி அனுப்பலாம்.

வயது கடந்துவிட்டது என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. நாற்பதிலும் அறுபதிலும் இந்தச் சிகிச்சை பலித்திருக்கிறது. பிள்ளைப் பிராயத்தில் உங்களுக்கு நடந்தது உங்கள் குற்றமல்ல. ஆனால் அது உங்கள் கையால் உங்கள் பிள்ளையின்மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுவது உங்கள் பொறுப்பு. ஒரு தலைமுறை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டு டாக்டரின் வாசலுக்குப் போகட்டும். அதற்குப் பிறகும் மந்திரவாதிக்கு வேலை இருந்தால், அவன் இருந்துவிட்டுப் போகட்டும்.